டப்பா முந்தி, தண்ணி பிந்தி

ஊர்க் கழிவெல்லாம் வந்து விழும் குழிக்குக் காவல் இருக்கும் மனிதருக்கு முகத்துக்கு நேரே ஒரு பெயர் இருந்தது: மதகண்ணன். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயர் இருந்தது. அது என்னவென்று அவருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தவனின் வீட்டுக் கழிவும் அந்தக் குழிக்குத்தான் வருகிறது என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மேட்டு ஊரிலிருந்து குழாய் குழாயாக இறங்கிவரும் கழிவு அந்தக் குழியில் சேரும். இரண்டு மோட்டார்கள் அதை இழுத்து, மேட்டைத் தாண்டி இருக்கும் சுத்திகரிப்பு ஆலைக்குத் தள்ளிவிடும். வெயில் காலத்தில் இது உட்கார்ந்து பார்க்கும் வேலை. கம்பித் தடுப்பில் சிக்கும் துணியையும் முடிக்கற்றையையும் நீள வாரியால் இழுத்துப் போட்டால் போதும். மழை வந்தால்தான் எமன். மழைநீரும் அதே குழாயில் புகுந்து வர, குழி பொங்கும். மோட்டார் மூச்சுத் திணறும். அப்போது இரண்டே வழி. பக்கத்தில் இருக்கும் மதகின் சக்கரத்தைச் சுற்றித் திறந்தால் மொத்தமும் ஆற்றுக்குப் போய்விடும். திறக்காவிட்டால் கீழ்த்தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கக்கூசிலிருந்தும் மேலே வரும். மதகண்ணனின் வீடும் அந்தத் தெருவில்தான் இருந்தது.

காகிதத்தில் அந்த மதகு கட்டிய நாளிலிருந்து திறக்கப்பட்டதே இல்லை. ஆலை எல்லா மழைக்கும் போதும் என்று காகிதம் சொன்னது. மழைக்குப் படிக்கத் தெரியாது. எனவே திறக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து வாயால் ஓர் உத்தரவு வரும். மறுநாள் எதுவும் திறக்கப்படவில்லை என்று வாயாலேயே இன்னோர் உத்தரவும் வரும்.

இதுவரை எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். இனிமேல்தான் அவர் வீட்டுக் கதை. ஆறு கொஞ்சதூரம் ஓடி ஒரு பாறையைச் சுற்றி வளையும் இடத்தில் ஊரார் குளிக்கும் துறை ஒன்று இருந்தது. கல் படிகள், ஆழத்தைக் காட்டும் மிதவைக் கயிறு, உடை மாற்றும் அறைகள், ஒரு டிக்கெட் ஜன்னல், ‘நீரின் தரம்: நன்று’ என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை. அங்கே கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தண்ணீரிலேயே பாதி நாள் நின்ற உயிர்காப்பாளன் மதகண்ணனின் ஒரே மகன். துறைக்கு வருகிறவர்கள் அவனை ‘விசில்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்பன் மேலே நின்று திறந்து விடுவதில் மகன் கீழே நிற்கிறான். பாறை மறைப்பதால் துறையில் போன் எடுக்காது. டிக்கெட் ஜன்னலில் இருந்த கம்பிப் போன் செத்து, அதற்குக் காரியமும் முடிந்துவிட்டது. அலுவலகத்துக்குச் சொல்லி, அலுவலகம் துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அப்படிச் சொல்லி வருவதற்குள் கழிவு கடலைப் பார்த்திருக்கும்.

அதனால் மகன் வேலையில் சேர்ந்த வாரமே இருவரும் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலி கிரீஸ் டப்பா ஒன்றை எடுத்து, குழாய்க்குப் பூசி மிஞ்சிய சிவப்புப் பெயிண்டை அடித்து, காற்று புரட்டாமல் இருக்க உள்ளே ஒரு கூழாங்கல்லைப் போட்டு, மூடியைத் தாரால் அடைத்தார்கள். மதகைத் திறக்கும் முன் அப்பன் அதை நடு ஆற்றுக்கு வீசுவார். நடு ஆற்றில் ஓட்டம் வேகம். டப்பா முன்னால் போகும். அழுக்கு கரையோரம் உரசிக்கொண்டு மெதுவாக வரும். டப்பாவைப் பார்த்ததும் மகன் ஊதி எல்லாரையும் கரையேற்றிவிட்டுச் சிவப்புக் கொடியை ஏற்றுவான்.

“டப்பா முந்தி, தண்ணி பிந்தி. இதுல மட்டும் தப்பு வந்துடக் கூடாதுப்பா” என்றான் மகன்.

“தப்பு வந்தா உன் வாயிலதான்டா முதல்ல வரும்” என்றார் அப்பன்.

ஆனால் குளிக்கிறவர்களிடம் என்ன சொல்லி ஏற்றுவது? சாக்கடை வருகிறது என்று சொன்னால் அலுவலகம் வேலையைப் பிடுங்கும். விசில் ஒரு வழி வைத்திருந்தான். “பாம்பு! தண்ணிக்குள்ள பாம்பு!” என்று கத்துவான். கண்மூடித் திறப்பதற்குள் துறை காலி.

“சாக்கடைன்னு சொன்னா நாலு பேரு வந்து வாதாடுவான். பாம்புன்னா எவனும் ஆதாரம் கேக்க மாட்டான்” என்று வீட்டில் வந்து சிரிப்பான். ஒருமுறை அலுவலகமே இதை நம்பிப் பாம்பு பிடிக்கிற ஆளை அனுப்பியது. அந்த மனிதன் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு தவளையோடு திரும்பிப் போனான்.

மழை நாளில் மகன் வீடு திரும்பும்போது சைக்கிளின் பின்னால் சிவப்பு டப்பா கட்டியிருக்கும். அம்மா அதை வாங்கிச் சோப்புப் போட்டுக் கழுவி, பின்வாசல் ஆணியில் மாட்டுவாள். மேகம் கறுக்கும் நாளில் அப்பன் அதை வேலைக்கு எடுத்துப்போவார். சில வருடங்களாக இப்படியே அந்த வீட்டுக்குள் டப்பா போய் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அந்த வருடம் கோடை நீண்டது. மழையே இல்லை. துறையை அழகுபடுத்தப் போவதாக அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். படிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பலகையை மாற்றினார்கள், துறைக்குச் சற்று மேலே, கரைக்குக் கரை, மஞ்சள் மிதவைகள் கோத்த ஒரு வலையைக் கட்டினார்கள். ஆற்றில் வரும் பிளாஸ்டிக் குப்பை முழுக்க அதில் நின்றுவிடும். மகன் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தினமும் விடிந்ததும் துறையில் மிதக்கும் பாட்டில்களையும் பைகளையும் கையால் பொறுக்கி அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“இனிமே ஒரு மூடிகூட உள்ள வராதுப்பா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு.”

“நல்ல காரியம் பண்ணியிருக்கானுங்க. எப்பவாவது ஒண்ணு உருப்படியா செய்யுறானுங்க” என்றார் அப்பன்.

அம்மா இருவருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஆணியில் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேருடைய கண்ணிலும் அது பட்டது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

*

முதல் மழை விடுமுறை நாளில் வந்தது. அதுவும் ஓரவஞ்சனையான மழை. மேட்டு ஊரில் கொட்டித் தீர்த்தது. ஆற்று வளைவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. துறையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம்.

பம்ப்பு ரூமில் குழி ஏறியது. கோடை முழுக்கக் குழாயில் காய்ந்து கிடந்ததெல்லாம் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. ஏதோ கந்தல் ஒன்று உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ள, ஒரு மோட்டார் உறுமி நின்றது. சுவரில் கிழித்திருந்த சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொடப்போகும்போது கீழ்த்தெருக்காரர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் நின்றவள், படுத்த படுக்கையான புருஷனை வைத்துக்கொண்டு தரைத்தள அறையில் குடியிருப்பவள்.

“அண்ணே, கக்கூஸ் குமுறுதுண்ணே. போன தடவை கட்டில் கால் வரைக்கும் வந்துச்சு. அந்த மனுஷனைத் தூக்கி எங்கண்ணே வைப்பேன், தலையிலயா?”

“கத்தாதம்மா. திறக்கத்தான் போறேன்.”

“எப்ப திறப்பீங்க, வாய்க்குள்ள வந்தப்புறமா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

மதகண்ணன் காலையிலேயே வீட்டு ஆணியிலிருந்து டப்பாவைக் கொண்டு வந்திருந்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மதகுத் திட்டின் விளிம்புக்குப் போனார். கையை ஓங்கி நடு ஆற்றுக்கு வீசினார். அது ஒருமுறை முங்கி, எழுந்து, தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பியது. பாலத்தின் கீழே போய்ப் புள்ளியாகி மறையும் வரை பார்த்தார். கதவில் அடி விழுந்துகொண்டிருந்தது. வாரியை எடுத்து, அவசரமே இல்லாதவர் போல, அதன் ஒவ்வொரு பல்லையும் கழுவினார். போதுமான நேரம் போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் சக்கரத்தில் கை வைத்தார். கோடை முழுக்கச் சுற்றாத சக்கரம் முனகிக்கொண்டு திரும்பியது. கறுப்பாக ஒரு நாக்கு ஆற்றுக்குள் நீண்டது.

தெருக்காரர்கள் கலைந்து போனார்கள். அந்தப் பெண் மட்டும் நின்று, “நீங்க நல்லா இருக்கணும்ண்ணே” என்றாள். அவருக்கு மனசு நிறைவாகத்தான் இருந்தது. தெருவும் தப்பித்தது, பிள்ளையும் தப்பித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மகன் வந்தான். தலை ஈரம் காயவில்லை. சைக்கிளின் பின்னால் ஒன்றுமில்லை. அம்மா வழக்கப்படி கையை நீட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவள், நீட்டிய கையோடு நின்றாள்.

“டப்பா எங்கடா?”

“என்ன டப்பா?” என்றான் அவன். உள்ளே வந்து அப்பனைப் பார்த்தான். “மேல மழையாப்பா? திறந்தியா?”

“திறந்தேன்.”

“ஏம்ப்பா டப்பா போடல?”

“போட்டேன்டா. பாலம் தாண்டுற வரைக்கும் பாத்தேன்.”

“வரவே இல்லையேப்பா. நான் தண்ணிக்குள்ளயே நின்னுட்டிருந்தேன். குழந்தைங்களுக்கு மிதக்கச் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். திடீர்னு ஒரு வாடை. சரி, எவனோ படியில அசிங்கம் பண்ணிட்டான்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா தண்ணி நிறம் மாறிடுச்சு. ஊதி ஊதி ஏத்துறதுக்குள்ள ஒரு குண்டு மனுஷனுக்குக் கால் இழுத்துக்கிச்சு. ஆள் மலை. அவரை இழுத்துட்டு வர்றதுல நான் ரெண்டு மடக்குக் குடிச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். “உப்பு கொஞ்சம் தூக்கல்ப்பா.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் முழங்காலுக்குக் கீழே கல்படி உரசித் தோல் வழன்றிருந்தது. மிட்டாய்க் காகிதம் போல மெல்லிசான காயம்.

“நடு ஆத்துலதான் போட்டேன். எங்கடா போயிருக்கும்?” என்று அப்பன் தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார்.

கேட்டு முடிப்பதற்குள் இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்துவிட்டது. மகன்தான் அதை வாயால் சொன்னான்.

“வலை.”

அம்மா வெறும் ஆணியைப் பார்த்தாள். கண்ணில் தெரிவதையெல்லாம் அந்த வலை பிடித்துக்கொண்டது. கண்ணில் தெரியாததையெல்லாம் உள்ளே விட்டுவிட்டது. டப்பாவுக்குக் கண்ணில் தெரிவதுதானே வேலை.

*

அம்மா வெந்நீர் வைத்து, காயத்தில் மருந்து போட்டு, ஆத்திரம் தீரத் திட்டினாள். அப்பனையும் மகனையும் அலுவலகத்தையும் சேர்த்துத் திட்டினாள். ஒரு வாரம் ஒன்றுமில்லை. துறைக்கு வந்த சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று காதில் விழுந்தது. வெயிலுக்கு என்றார்கள். அடுத்த வாரம் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் சதையைத் தொட்டால் அலறினான். மூன்றாவது நாள் அம்மா ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தவள், “என்னங்க, இவன் கண்ணைப் பாருங்க” என்றாள். மஞ்சள் மிதவை நிறத்தில் இருந்தது.

எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தின் வழியாகவோ வாய் வழியாகவோ போயிருக்கும், சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது, கொஞ்சம் முன்னாலேயே கொண்டு வந்திருக்கலாம். “எங்கயாவது சாக்கடையில கீக்கடையில இறங்கினாரா?” என்று கேட்டார்.

“அவன் ஆத்துல வேலை பாக்குறான் சார்” என்றார் மதகண்ணன்.

“ஆத்துத் தண்ணி நல்லா இருக்குன்னு போர்டுல போட்டிருக்கானே” என்றார் டாக்டர். கிண்டலா, நிஜமா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மகனை மிஷினில் போட்டார்கள். ரத்தம் ஒரு குழாயில் வெளியே வந்து, கழுவப்பட்டு, இன்னொரு குழாயில் உள்ளே போனது. மதகண்ணன் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் எப்போது திணறும் என்று காது தன்னாலேயே காத்திருந்தது. வேலைப் பழக்கம்.

“எப்ப சார் சரியாகும்?” என்று கேட்டதற்கு டாக்டர், “பார்க்கலாம்” என்றார். கேட்ட ஒவ்வொரு தடவையும் அதே சொல்தான். கடைசியில் இவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அலுவலகத்துச் சின்ன எஞ்சினியரைப் போய்ப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, உட்காரச் சொன்னார்.

“சார், அந்த வலையில நடுவுல ஒரு ஆள் அகலத்துக்கு வழி விட்டுடுங்க. டப்பா போகணும்.”

“வலையில ஓட்டை வச்சா அதுக்குப் பேரு வலையா பெரியவரே? சரி, எதுக்குன்னு எழுதுவேன்? டப்பா போகன்னா? டப்பா எதுக்கு? மதகு திறக்குறதுக்கு. நம்ம மதகுதான் திறக்குறதே இல்லையே.”

“என் புள்ள மிஷின்ல கிடக்கான் சார்.”

எஞ்சினியர் மேசையைப் பார்த்தார். “எனக்குத் தெரியாதா? நான் பேசிப் பாத்தேன். மழைக்கு அப்புறம் நாலு நாள் கழிச்சுத் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணிட்டாங்க. நல்லா இருக்குன்னு வந்துடுச்சு.”

“நாலு நாள்ல அந்தத் தண்ணி கடலுக்கே போயிருக்குமே சார்.”

“இப்ப இருக்குற தண்ணியைத்தானே டெஸ்ட் பண்ண முடியும்? போன தண்ணியைப் பிடிச்சு வரச் சொல்றீங்களா? நீங்க மதகைத் திறந்தேன்னு வாயைத் திறந்தா முதல்ல உங்க வேலை போகும், ரெண்டாவது என் வேலை. மூணாவதா வர்றவன் மறுபடியும் அதே சக்கரத்தைத்தான் சுத்துவான். வேற எங்க போகும் அந்தக் கழிவு?”

மதகண்ணன் எழுந்தார். கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

ஓய்வு நாளில் அரிவாளை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாக நடந்து போனார். வலையில் பாட்டில்களும் செருப்புகளும் தெர்மாகோல் துண்டுகளும் மெத்தை போல ஒட்டிக் கிடந்தன. நடுவில் அவருடைய டப்பா. பெயிண்ட் கொஞ்சம் வெளுத்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மிதவையைப் பிடித்துக்கொண்டு, டப்பா நுழையும் அகலத்துக்கு வலையை அறுத்தார். டப்பாவை அந்த ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டு, கரையேறி, அதோடு கூடவே நடந்தார்.

துறையில் மகனின் இடத்தில் புது ஆள் நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் மகனுடைய ஊதல். டப்பா மிதந்து வருவதைப் பார்த்தான். இரண்டே வீச்சில் நீந்திப் போய் அதை எடுத்தான். கரைக்கு வந்து குப்பைத் தொட்டியில் போட்டான். சுத்தமான வேலைக்காரன்.

மதகண்ணன் தொட்டியிலிருந்து அதை எடுத்தார். “தம்பி, இது குப்பை இல்ல. இது வந்துச்சுன்னா எல்லாரையும் மேல ஏத்திடு. நீயும் ஏறிடு. பாம்புன்னு கத்து.”

“பாம்பு இருக்கா சார் இங்க?”

“இல்லப்பா. பாம்பைவிட மோசமானது வரும்.” விஷயத்தைச் சொன்னார். முழுதாகச் சொன்னார்.

புது ஆளின் முகம் வெளுத்தது. “ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதே. இருங்க சார், ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். நான் சேர்ந்து பத்து நாள்கூட ஆகல.”

நல்ல பிள்ளை, சொன்னபடியே கேட்டான். அப்படித்தான் வலையில் ஓட்டை இருப்பது அலுவலகத்துக்குத் தெரிந்தது. மறுநாளே கம்பி வைத்துத் தைத்தார்கள். அறுத்தவர் யார் என்று மட்டும் விசாரிக்கவில்லை; விசாரித்தால் மதகைப் பற்றி எழுத வேண்டிவரும். சேதப்படுத்தினால் தண்டனை என்று கரையில் புதிதாக ஒரு பலகையும் நட்டார்கள். சிவப்பு டப்பா என்று எதைப் பார்த்தாலும் உடனே அப்புறப்படுத்தச் சொல்லிப் புது ஆளுக்கு உத்தரவு வந்தது. ஊதலை எப்போது ஊத வேண்டும் என்பதை அலுவலகம் சொல்லும் என்றார்கள்.

*

மகனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரத்தில் பாதி நாள் மிஷினுக்குப் போய் வர வேண்டும். தண்ணீரிலேயே வளர்ந்தவனுக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று ஒரு டம்ளரில் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மா அந்த டம்ளரை அவன் கண்ணில் படாமல் மறைத்து வைப்பாள். அவன் தேடிக் கண்டுபிடிப்பான். கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. தரையில் பொங்கி வரும் தண்ணீர் எட்டாத உயரத்துக்கு அதன் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். கீழ்த்தெருவில் எல்லாக் கட்டில்களும் அப்படித்தான் நிற்கும்.

அடுத்த மழை மத்தியானம் பிடித்தது. பம்ப்பு ரூமில் குழி ஏறியது. மதகண்ணன் முதலில் அலுவலகத்துக்குப் போன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. சின்ன எஞ்சினியருக்கு அடித்தார். “மீட்டிங்ல இருக்கேன், பாத்துக்குங்க” என்று வைத்துவிட்டார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அதே பெண்ணின் குரல். தன் வீட்டில் செங்கல் மேல் நிற்கும் கட்டில் அவர் கண்ணுக்குள் வந்தது. மிஷின் குழாய் செருகுவதற்கு மகன் கழுத்தில் வைத்திருந்த கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று துறைப் பக்கம் பார்த்தார். போய்ச் சேர்வதற்குள் குழி தெருவுக்குள் இருக்கும். போனாலும் யார் கேட்பார்கள்? புது ஆள் ஆபீஸைக் கேட்பான்.

டப்பாவை எடுத்தார். அது வலை வரைக்கும்தான் போகும் என்று தெரியும். கை வீசியது. முங்கி, எழுந்து, தலையை ஆட்டிக்கொண்டு அது கிளம்பியது. பாலம் தாண்டும் வரை பார்த்தார். வாரியைக் கழுவினார். பிறகு சக்கரத்தைச் சுற்றினார். இந்தத் தடவை அது முனகாமல் திரும்பியது. போன வாரம்தான் கிரீஸ் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. மகன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“டப்பா போட்டியாப்பா?”

“போட்டேன்.”

“துறையில கூட்டமா இருந்திருக்குமா?”

“தெரியலடா.”

“பள்ளிக்கூட லீவு விட்டாச்சு” என்றான் மகன்.

அம்மா துணி பிழிந்த கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து, தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“நல்லவேளைங்க, சரியான நேரத்துல திறந்துட்டீங்க. ஒரு சொட்டு உள்ள வரல” என்றாள்.